தழும்பு யாருடையது? அம்மைப்பால் முதல் தடுப்பூசி அட்டை வரை

மயிலாப்பூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "எங்க ஆயா கையில பெருசா ரெண்டு தழும்பு இருக்கு. எங்கம்மா கையில சின்னதா ஒண்ணு. ஏன் ரெண்டு பேருக்கும் வேற வேற?"

நல்ல கேள்வி. ஆயாவின் கையில் இருப்பது பெரியம்மைக்குக் குத்திய தழும்பு. அம்மாவின் கையில் இருப்பது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் நின்றது. உலகம் முழுவதும் ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. அதனால் அம்மாவின் தலைமுறைக்கு அம்மை குத்த வேண்டிய தேவை இல்லாமல் போனது.

இவ்வளவு சொன்னால் பாடப்புத்தகப் பதில் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தழும்புகளுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் மருந்து இருக்கிறது, சாதியும் இருக்கிறது. "தடுப்பூசியே அரசாங்கத்தின் சூழ்ச்சி" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புகிற தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "நம்ம சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் ஊசி போடுவதில்லை" என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இந்த வரலாறு தெரிய வேண்டும்.

கையிலிருந்து கைக்கு

1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண் ஒருவரின் கையில் வந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து ஒரு சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். அந்தச் சிறுவன் தோட்டக்காரரின் மகன். உலகின் புகழ்பெற்ற தடுப்பூசிச் சோதனை ஒரு தொழிலாளியின் பிள்ளை மீதுதான் நடந்தது. இதை முதலில் குறித்துக்கொள்வோம்.

அந்த மருந்தை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோவது பெரிய சிக்கலாக இருந்தது. குளிர்பெட்டி இல்லாத காலம். வெயிலில் அம்மைப்பால் வீரியம் இழந்துவிடும். அதைக் கெடாமல் வைத்திருக்க மிகவும் நம்பகமான பாத்திரம் குழந்தையின் உடம்பு. ஒரு குழந்தைக்குக் குத்தினால் ஏறக்குறைய எட்டாம் நாள் கொப்புளம் பழுக்கும். அதிலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். அங்கிருந்து அடுத்த குழந்தைக்கு. சங்கிலி ஒரு வாரம் அறுந்தால் மருந்தும் போய்விடும். 1803-ல் ஸ்பெயின் அரசு தன் காலனிகளுக்கு அம்மைப்பாலை அனுப்பியபோது, கப்பலில் அதைச் சுமந்து போனவர்கள் அனாதை இல்லத்துச் சிறுவர்கள் 22 பேர்.

இந்தியாவுக்கு அது பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்குக் குத்தியது பிடித்தது. அவள் கையிலிருந்து தொடங்கிய சங்கிலிதான் கை மாறிக் கை மாறி சென்னப்பட்டணம் வரை வந்து சேர்ந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் தடுப்பூசி மருந்து ஒரு சிறுமியின் உடம்பில் விளைந்தது.

இனி நம் கதை. கையிலிருந்து கைக்கு என்றால், யார் கையிலிருந்து யார் கைக்கு?

காலனிய மருத்துவ வரலாற்றை எழுதிய டேவிட் அர்னால்டு போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலிருந்து இதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தடுப்பூசியை மேல்சாதியினர் எதிர்த்ததற்கான காரணங்களில் திரும்பத் திரும்ப வருவது, கீழ்ச்சாதி என்று அவர்கள் ஒதுக்கிய குழந்தையின் உடம்பு நீர் தங்கள் குழந்தையின் உடம்பில் ஏறிவிடும் என்ற அச்சம். அதே நேரத்தில், கொப்புளத்து நீரைக் கொடுக்கும் குழந்தைகளாகப் பல இடங்களில் கொண்டுவரப்பட்டவர்கள் ஏழைகளின், ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள்தான். சில காசுகளுக்காகவோ, அதிகாரிக்குப் பயந்தோ பெற்றோர் பிள்ளையை அனுப்பினார்கள். குத்திய கொப்புளத்தை மறுபடி கீறி நீர் எடுத்தால் குழந்தைக்கு வலிக்கும், புண் சீழ் வைக்கும். அக்கி, மேகநோய் போன்றவை ஒரு குழந்தையிலிருந்து இன்னொரு குழந்தைக்குப் பரவிய சம்பவங்கள் ஐரோப்பாவிலேயே பதிவாகியுள்ளன. இங்கிலாந்தில் இந்தக் கைமாற்று முறையை 1898-ல்தான் தடை செய்தார்கள்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். நம் குழந்தையின் நிழல் பட்டால் தீட்டு. ஆனால் ஊரைக் காக்கும் மருந்து அந்தக் குழந்தையின் கையில்தான் பழுக்கிறது. எதிர்ப்பவர்களின் தயக்கத்தை அரசு "மத உணர்வு" என்று மரியாதையாகப் பதிவு செய்தது. பிள்ளையை ஒளித்து வைத்த சேரித் தாயின் தயக்கத்தை "அறியாமை" என்று எழுதியது. இன்றைக்கும் அந்த இரண்டு சொற்களும் அதே முறையில்தான் பங்கிடப்படுகின்றன.

ஒரு பொய் சுலோகம்

அந்தத் தயக்கத்தைப் போக்க என்ன செய்தார்கள் என்பது இன்னும் சுவையான கதை. 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயர்க்காரர். மாட்டின் மடிக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்துக் குத்தும் முறை தன்வந்திரி பெயரிலான பழைய சமஸ்கிருத நூலிலேயே இருக்கிறது என்றார். அதாவது ஜென்னர் கண்டுபிடித்தது நம் சாஸ்திரத்தில் முன்பே உண்டு, ஆகவே பயப்படாமல் குத்திக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

இந்தச் செய்தி ஐரோப்பா வரை போனது. பல புத்தகங்களில் ஏறியது. ஆனால் ஆய்வாளர் டொமினிக் வுஜாஸ்டிக் தேடிப் பார்த்து வந்த முடிவு, இது நல்ல நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு புனைவு என்பதுதான். மக்களை ஏற்க வைப்பதற்காகப் புதிய மருந்துக்குப் பழைய பூணூல் மாட்டப்பட்டது. "பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்ததே நம் முன்னோர்கள்" என்று இன்றும் யாராவது மேடையில் பேசினால், தோழர்களே, அந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று கேளுங்கள்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மேல்சாதியாரின் சம்மதம் வாங்க சமஸ்கிருதம் வரை போனார்கள். சேரியில் இருந்தவர்களிடம் சம்மதம் வாங்க இவ்வளவு மெனக்கெட்டதாக எங்கும் நாம் படிக்கவில்லை.

நம் சனங்களிடம் அம்மைக்கென்று ஒரு முறை இருக்கத்தான் செய்தது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, அந்த வீட்டுக்குள் வெளியார் வராமல் பார்ப்பது, நோயாளியைத் தனியே படுக்க வைப்பது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மற்ற வேலைகளை நிறுத்துவது. மாரியம்மன் பெயரில் நடந்தாலும் இதில் பாதி தனிமைப்படுத்தல்தான். மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு அம்மை இறங்கியபின் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு. இந்த முறை நோயைப் பரவாமல் ஓரளவு தடுக்கும். ஆனால் வந்த குழந்தையைக் காப்பாற்றாது. நோய் வராமலே காக்க ஊசிதான் வேண்டும். மரியாதையும் அறிவியலும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதால் இதைச் சொல்கிறோம்.

கிண்டியில் விளைந்த மருந்து

1880-ல் இந்தியத் தடுப்பூசிச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் வந்த நகராட்சிகளில் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயமானது. நூற்றாண்டின் முடிவில் கைமாற்று முறை போய், கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பால் தயாரிக்கும் முறை வந்தது. சென்னை மாகாணத்துக்கு அந்த மருந்தைத் தயாரித்த இடம் கிண்டியில் இன்றும் இருக்கும் கிங் நிலையம். 1899-ல் தோன்றிய இந்நிறுவனத்துக்கு, மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங்கின் பெயர் வைக்கப்பட்டது. கன்றின் தோலை மழித்து, கீறி, அம்மைப்பாலைத் தேய்த்து, சில நாள் கழித்து வழித்தெடுத்து, வெயில் தாங்கும்படி கம்பளிக் கொழுப்பான லேனோலினில் கலந்து அனுப்பும் முறையைப் பரப்பியவர் அவர்.

இப்போது பாருங்கள், கன்றுக்குட்டியின் உடம்பிலிருந்து எடுத்தது வந்தவுடன், "யார் குழந்தையின் நீர்?" என்ற கேள்வி மறைந்தது. பசுவைத் துன்புறுத்துவதாக எழுந்த எதிர்ப்பு தனி. ஆனாலும் சேரிக் குழந்தையைவிடக் கன்றுக்குட்டி ஏற்கத்தக்கதாக இருந்தது. மாட்டின் பெயரால் நம்மைத் தீண்டத்தகாதவர் ஆக்கிய சமூகத்தில் இதைக் கசப்போடுதான் வாசிக்க முடிகிறது.

அதே காலத்தில் அடையாறு, ஊரூர் பக்கத்தில் 1894-ல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மயிலாப்பூர், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் பகுதிகளிலும் அப்படிப்பட்ட பள்ளிகள் வந்தன. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. இவற்றை ஏன் இங்கே சொல்கிறோம்? குழந்தைப் பருவ மருத்துவப் பரிசோதனை என்பது எப்போதும் ஒரு பதிவேட்டின் வழியாகத்தான் வரும். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளையின் பல்லையும் கண்ணையும் எடையையும் யாரும் பார்க்க மாட்டார்கள். பள்ளிக்குள் நுழைவதற்கான போராட்டம் உடல்நலத்துக்கான போராட்டமாகவும் இருந்தது.

பாபாசாகேப் அம்பேத்கருக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். கடைசியாகப் போனவன் ராஜரத்னா, 1926-ல். வெளிநாட்டில் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவரின் வீட்டு நிலை அது. பெயர் எழுதப்படாத நம் ஆயாக்களின் வீடுகளில் எத்தனை குழந்தைகள் போயின என்று ஒரு முறை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் வராத வீடு குறைவு.

தியாகராய நகரிலிருந்து ஒரு எதிர்ப்பு

1948-ல் மதனப்பள்ளியில் பி.சி.ஜி. ஊசி தொடங்கியது. கிண்டியிலேயே பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகமும் வந்தது. நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியபோது, 1955-ல் அதைக் கடுமையாக எதிர்த்து ஒரு பிரசுரமே வெளியிட்டவர் ராஜாஜி. தியாகராய நகர் பசுல்லா சாலைவாசி. கோடிக்கணக்கான குழந்தைகள் மீது நடக்கும் சோதனை இது என்பது அவர் வாதம்.

அவர் யார் என்பது நமக்குத் தெரியும். 1953-ல் கிராமப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவர். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குத் தமிழ்நாடே பெயர் வைத்தது. எதிர்ப்பு வலுத்து 1954-ல் பதவி விலகினார். மறு ஆண்டே ஊசி எதிர்ப்பு.

அதற்காக அவர் கேட்ட எல்லாமே தவறு என்று நாம் எழுதிவிட மாட்டோம். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பள்ளியில் வரிசையாக நிறுத்தி ஊசி போடலாமா என்பது நியாயமான கேள்வி. பி.சி.ஜி. எவ்வளவு காக்கும் என்பதும் நியாயமான கேள்வி. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், ஏறக்குறைய 2.8 லட்சம் பேரிடம் தொடங்கிய பெரிய ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. அங்கே தடுக்கவில்லை. ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடல் முழுதும் பரவும் காசநோயிலிருந்தும் அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். அந்த உண்மையை உலகுக்குத் தந்தவர்கள் திருவள்ளூர்க் கிராமத்து மக்கள்.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையமும் அப்படித்தான். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு வீட்டிலும் மருந்து கொடுத்தார்கள். நெரிசலான வீட்டில் இருந்தாலும், நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று 1959-ல் தெரிந்தது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. மருத்துவப் புத்தகங்களில் மருத்துவர்களின் பெயர் இருக்கிறது. ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் இருமிக்கொண்டே மாத்திரை விழுங்கியவர்களின் பெயர் இல்லை.

தூரம் யாருக்கு?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஊர்ப்புறத்தில் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடுவது என்று மாற்றினார்கள். பாதுகாப்புக்கான முடிவு, குறை சொல்ல முடியாது. ஆனால் நிலையம் ஊரில் இருந்தது. சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் அங்கே போக ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 1998-99-ல் 88.8 சதவீதம். 2005-06-ல் 80.9. 2015-16-ல் 69.7. முன்னோடி மாநிலம் என்று பெயர் எடுத்த இடத்தில் பத்தில் மூன்று குழந்தைகள் விடுபட்டார்கள். இந்தச் சரிவு 2008-க்கு முன்பே தொடங்கியது, காரணங்களும் பல. ஆனால் ஊசி வீட்டுப் பக்கத்திலிருந்து விலகிப் போனது அதில் முக்கியமான ஒன்று என்றே நாங்கள் கருதுகிறோம். 2019-21 ஆய்வில் அது 89.2 ஆக ஏறியது. மக்களின் "விழிப்புணர்வு" பத்தாண்டில் குறைந்து ஐந்தாண்டில் கூடிவிடவில்லை. ஏறி இறங்கியது ஏற்பாடுதான்.

சம்மதத்தின் கதையும் முடியவில்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 14,000 பேருக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசி ஒரு சோதனைத் திட்டமாகப் போடப்பட்டது. பெரும்பாலும் பழங்குடி, தலித், ஏழைக் குடும்பப் பெண்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஆயிரக்கணக்கான படிவங்களில் விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்டிருந்தார். திட்டம் 2010-ல் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கண்டித்தது. இடையில் இறந்த சிறுமிகளின் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது. ஊசி நல்ல ஊசிதான். உலகெங்கும் பெண்களின் உயிரைக் காக்கிறது. கேட்காமல் போட்டதுதான் குற்றம். அந்தக் குற்றத்தால் அடுத்த பல ஆண்டுகளுக்கு நம் பெண்கள் அந்த ஊசியையே சந்தேகிக்க நேர்ந்தது.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட தமிழ்நாடு தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தி பறந்தது. அப்போது தயங்கியவர்களில் சென்னையின் தனியார் பள்ளிப் பெற்றோரும் இருந்தார்கள். அவர்களை யாரும் "விழிப்புணர்வு இல்லாதவர்கள்" என்று சொல்லவில்லை. "கேள்வி கேட்கும் பெற்றோர்" என்றார்கள்.

அட்டையும் வெளியேற்றமும்

இன்று அரசு தரும் அட்டவணை இது. பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள்காமாலை ஊசி. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் பென்டாவேலன்ட், ரோட்டா, போலியோ. நிமோனியாவுக்கான ஊசி ஆறாம், பதினான்காம் வாரமும் ஒன்பதாம் மாதமும். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா, அதோடு வைட்டமின் ஏ. ஒன்றரை வயதை ஒட்டி இரண்டாம் தவணைகள். ஐந்து வயதில் டி.பி.டி. பத்திலும் பதினாறிலும் டி.டி. எல்லாம் இலவசம். ஒவ்வொரு முறையும் எடை, உயரம், வளர்ச்சி பார்க்க வேண்டும். 2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வந்து பிறவிக் குறை, ரத்தசோகை, பார்வை, கேட்கும் திறன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் குறை இல்லை. ஆனால் இந்த அட்டவணை ஒரு குடும்பம் ஒரே இடத்தில் பதினாறு ஆண்டு இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டது. மயிலாப்பூர், அடையாறு, ஆற்றங்கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் குடும்பங்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 20 கிலோமீட்டர். 2022-லும் ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடுகள் இடிக்கப்பட்டன.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படிப் போனவர். லாரியில் சாமான் ஏற்றும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. புது இடத்தில் ஊசி போடப் போனபோது, "கார்டு இல்லாம எப்படிம்மா வந்தே?" என்று நாலு பேர் முன்னால் திட்டு. பழைய இடத்தில் வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அடையாற்றில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். விடியற்காலை பஸ் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். ஊசி போடும் புதன்கிழமையன்று லீவு போட்டால் ஒரு வீட்டுக்காரம்மா முகம் சுளிப்பார். ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்கு ஜுரம் வந்தால் வியாழக்கிழமையும் லீவு. மூன்று மாதம் தள்ளிப்போனது. இதற்குப் பெயர் அறியாமையா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, ஊசியை மறுப்பது நமக்கு விடுதலை இல்லை. நம் பிள்ளைகளின் கையில் விளைந்த மருந்து அது. நம் மக்களின் உடம்பில் சோதித்து உறுதியானது. அதில் நமக்கு மற்ற யாரையும்விட அதிக உரிமை உண்டு. இரண்டு, கேள்வி கேட்பதை விடக் கூடாது. என்ன ஊசி, எதற்கு, என்ன ஆகும், எங்கே கையெழுத்து என்று கேட்பது எல்லாப் பெற்றோருக்கும் உள்ள உரிமை.

ஆகவே உங்கள் தெருவில், ஹவுசிங் போர்டில், குப்பத்தில் இதைச் செய்யுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு குழந்தையின் அட்டையையும் தாயின் அனுமதியோடு போனில் படம் எடுத்து அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பினால், கூடப் போய் நில்லுங்கள். விடுபட்ட தவணையை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம் என்பதைச் சொல்லுங்கள். பத்து, பதினாறு வயது ஊசியைப் பள்ளியில் கேளுங்கள். மருத்துவக் குழு இந்த ஆண்டு வந்ததா என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வெளியேற்றத்தை எதிர்க்கும் மனுவில் வீடு, பள்ளி, வேலையோடு குழந்தைகளின் தடுப்பூசியையும் ஒரு வரியாகச் சேருங்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊசி போட வேண்டும் என்பதை ஒரு கோரிக்கையாக வையுங்கள். நர்ஸம்மாக்களைத் திட்டாதீர்கள். அவர்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள். ஆள் பற்றாக்குறையில் இருவர் வேலையை ஒருவர் செய்கிறார்கள்.

அந்தத் தங்கையின் கேள்விக்கு வகுப்பில் நாங்கள் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்க ஆயா கைய ஒரு தடவ தொட்டுப் பாரு. அவங்களுக்கு யார் குத்துனாங்க, எங்க நிக்க வெச்சுக் குத்துனாங்கன்னு கேட்டு எழுதிட்டு வா" என்று சொல்லி அனுப்பினோம். மறு வாரம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டு எழுதுங்கள். நம் வரலாறு அப்படித்தான் சேர வேண்டும்.

ஜெய் பீம்.